ஒரு பறவையும் பல பெயர்களும்

பெயர் தெரியாத ஒன்றை மனம் எளிதில் மறந்துவிடும். பெயர் தெரிந்ததையோ அது தேடும். காணாதபோது எங்கே என்று வினவும். மனிதன் தன்னைச் சூழ்ந்த உயிர்களுக்குப் பெயரிட்ட வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்கும். யானைக்கும் புலிக்கும் பெயர் எளிதில் அமைந்தது; அவற்றை வேறொன்றாக மயங்குவார் எவருமிலர். வீட்டுக்கருகே வாழும் சிறு பறவைகளின் நிலையோ வேறு. அவை நாள்தோறும் கண்ணிற் பட்டும், காதில் ஒலித்தும், இன்னவை என்று தெளிவாக அடையாளம் காணப்பெற நூற்றாண்டுகள் சில காத்திருக்க வேண்டியதாயிற்று. அவற்றுள் ஒன்றே, மலாய் மக்கள் 'முராய் கம்போங்' என்றும், தமிழ்நாட்டார் 'குண்டுக்கரிச்சான்' என்றும், ஆங்கிலேயர் 'மேக்பை ராபின்' என்றும் அழைக்கும் பாடும் பறவை.

இந்தியா தொடங்கி, இலங்கை, வங்காளம், பர்மா, தாய்லாந்து, தென்சீனம், மலாயாத் தீபகற்பம், இந்தோனேசியத் தீவுகள் வரை பரந்து வாழ்வது இப்பறவை. அடர்ந்த காட்டின் நடுவை அது விரும்புவதில்லை. காடு முடிந்து வெளி தொடங்கும் விளிம்பு, ஆற்றங்கரைப் புதர், கடலோரக் கண்டற்காடு, பழத்தோட்டம், வீட்டுக் கொல்லை ஆகியவையே அதன் இருப்பிடம். மனிதன் காட்டைத் திருத்தி ஊராக்கிய இடமெல்லாம் அதுவும் உடன்வந்து குடியேறிற்று. 'கம்போங்' என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சிற்றூர் என்பது பொருள். ஆதலின், 'ஊர் முராய்' என்று மலாயர் அதற்குப் பெயரிட்டமை மிகவும் பொருத்தமானதே. காட்டினுள் வாழும் அதன் உறவுப் பறவையை அவர்கள் 'முராய் பத்து' என்று வேறுபடுத்தினர். ஓயாது பேசுபவரை வாலைப் பிடுங்கிவிட்ட முராய்க்கு ஒப்பிடும் பழமொழியும் அவர்களிடையே உண்டு. பறவையின் குரலையும் அதன் துடிப்பான இயல்பையும் அணுக்கமாக அறிந்த மக்களே இத்தகைய உவமையைப் படைத்திருக்க முடியும்.

ஆயினும், நூலறிவுடையோர் உலகில் இப்பறவைக்கு உரிய இடம் எளிதிற் கிட்டவில்லை. அந்த வரலாறு தமிழ் மண்ணிலிருந்தே தொடங்குகிறது என்பது பலரும் அறியாத செய்தி.

சென்னையிலிருந்து சென்ற பறவை

17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் எட்வர்டு பல்க்லி என்னும் ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கும்பினியின் அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். மருந்துக்குதவும் மூலிகைகளைத் தேடுவது அக்காலத்து மருத்துவர்க்குரிய வேலைகளுள் ஒன்று. பல்க்லி செடிகொடிகளோடு நில்லாமல் பறவைகளையும் திரட்டி, இலண்டனிலிருந்த ஜேம்ஸ் பெட்டிவர் என்னும் மருந்து வணிகருக்கு அனுப்பிவைத்தார். பெட்டிவர் இந்திய மண்ணை மிதித்தவரல்லர். கடல்கடந்து செல்லும் மருத்துவர்களோடும் மாலுமிகளோடும் கடிதத் தொடர்பு வைத்துக்கொண்டு, உலகின் பல மூலைகளிலிருந்தும் இயற்கைப் பொருள்களைத் தம்மிடம் வரவழைத்தவர் அவர்.

அவ்வாறு சென்னையிலிருந்து சென்றவற்றுள் கருமையும் வெண்மையும் கலந்த ஆண்பறவை ஒன்றும் இருந்தது. அத்துடன் 'சவுலாரி' என்று ஒலிக்கும் ஒரு பெயரும் சென்றது. ஆங்கில இயற்கையறிஞர் ஜான் ரே 1705-இல் மறைந்தார். அவர் எழுதிவைத்த பறவை நூல் 1713-இல் இலத்தீன் மொழியில் வெளிவந்தபோது, சென்னைப் பறவைகளைப் பற்றிய பெட்டிவரின் குறிப்புகளும் அதில் இணைக்கப்பெற்றன. அங்குதான் இப்பறவை முதன்முதலாக ஐரோப்பிய நூலொன்றில் விளக்கம் பெற்றது. சென்னைப் பட்டினத்துச் சோலைகளில் அதைப் பிடித்துக் கொடுத்தவர் யார், பெயரைச் சொல்லிக் கொடுத்தவர் யார் என்பதை அந்நூல் கூறவில்லை. பெயரறியாத அந்த நாட்டு மக்களின் சொல் மட்டும் கப்பலேறிச் சென்று நிலைத்துவிட்டது.

பொருள் மாறிய பெயர்கள்

உயிரினங்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை வகுத்த சுவீடன் நாட்டறிஞர் லின்னேயஸ், 1758-இல் வெளியிட்ட தம் பெருநூலின் பத்தாம் பதிப்பில் இப்பறவைக்கு 'கிராக்குலா சவுலாரிஸ்' என்று பெயர் சூட்டினார். கிராக்குலா என்பது மலை மைனாவுக்குரிய குடும்பப் பெயர். அதாவது, பாடும் இச்சிறு பறவையை மைனாக்களின் வரிசையில் அமர்த்தினார். லின்னேயஸ் ஆசியாவுக்கு வந்தவரல்லர். பிறர் எழுதிய குறிப்புகளையும் தீட்டிய ஓவியங்களையும் பாடம் செய்த தோல்களையும் கொண்டே ஆசியப் பறவைகளை வகைப்படுத்தினார். தோலில் நிறம் இருக்கும், குரல் இராது. அலகின் வடிவு இருக்கும். வாலைத் தூக்கும் துள்ளல் இராது. உயிரோடு கண்டறியாத ஒன்றை வரிசைப்படுத்துவதில் இடறல் நேர்வது இயல்பே.

இதற்கிடையில் மற்றொரு குழப்பமும் வளர்ந்தது. வட இந்தியாவிலும் வங்காளத்திலும் இப்பறவைக்குத் 'தயால்' என்றும் 'தோயேல்' என்றும் பெயர்கள் வழங்கின. எலியேசர் ஆல்பின் என்னும் ஆங்கில ஓவியர் 1730-களில் இதன் படத்தை வெளியிட்டபோது, அச்சொல்லைத் தம் மொழிக்கேற்ப 'டயல் பறவை' என்று எழுதினார். ஆங்கிலத்தில் 'டயல்' என்பது கடிகார முகப்பைக் குறிக்கும் சொல். பின்னர் வந்த பிரெஞ்சு அறிஞர் லெவையான், இது நிழற்கடிகாரத்தைக் குறிப்பதாகக் கருதி, தம் மொழியில் அதே பொருள்படும் 'கத்ரான்' என்னும் பெயரைச் சூட்டினார். வியப்பு என்னவெனில், இந்த ஆசியப் பறவையைப் பற்றி அவர் எழுதியது ஆப்பிரிக்கப் பறவைகளைக் குறித்த தம் நூலில்தான்!

குழப்பம் அத்துடன் முடியவில்லை. சென்னை மாநிலப் படையில் மருத்துவராய் இருந்து, இந்தியப் பறவைகளைப் பற்றி 1860-களில் சிறந்ததொரு நூலை வெளியிட்ட ஜெர்டன் ஒரு விளக்கம் தந்தார். லின்னேயஸும் கடிகார எண்ணத்தில் மயங்கி, சூரியனுக்குரியது என்று பொருள்படும் 'சோலாரிஸ்' என்னும் சொல்லை எழுத நினைத்து, கைதவறி 'சவுலாரிஸ்' என்று எழுதிவிட்டார் என்பது அவர் கருத்து. கேட்பதற்கு இவ்விளக்கம் சுவையாகவே இருந்தது. ஆனால், கல்கத்தா ஆசியக் கழக அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராயிருந்த எட்வர்டு பிளித் அதை ஏற்கவில்லை. சென்னையிலிருந்து பறவையோடு சென்ற 'சவுலாரி' என்னும் பெயரே லின்னேயஸின் நூலில் இடம்பெற்றது என்றும், நூறு பாட்டு என்பதே அதன் பொருள் என்றும் அவர் எடுத்துக்காட்டினார்.

கடிகாரமும் இல்லை, கதிரவனும் இல்லை. நூறு பாட்டு அறிந்த பறவை என்பதே உண்மை. நாட்டு மக்கள் காதால் கேட்டு வைத்த பெயர் அது. கற்றோர் சிலர் அச்சொல்லின் பொருளை உரியவரிடம் வினவாமல் தம் மொழியின் அகராதியில் தேடினர். அதனால் ஒரு சொல் நூறாண்டுக்கும் மேலாகப் பொருள் மாறி நின்றது. இது பறவை நூலுக்கு மட்டுமன்றி எல்லா வரலாற்று ஆய்வுக்கும் பாடமாக அமையத்தக்கது.

ராபிள்ஸ் சூட்டிய பெயர்

மலாயாப் பகுதியிலுள்ள முராய்க்கு அறிவியற் பெயர் சூட்டியவர், 1819-இல் சிங்கப்பூரில் வணிகத் துறைமுகம் கண்ட ஸ்டாம்போர்டு ராபிள்ஸ் ஆவார். அரசியற் பணிகளுக்கிடையே விலங்கு, பறவை, செடிவகை ஆராய்ச்சியிலும் பேரார்வம் காட்டியவர் அவர். சுமத்ராவின் பென்கூலன் நகரில் ஆளுநராயிருந்த காலத்தில் அறிஞர்களையும் ஓவியர்களையும் அமர்த்தி உயிரினங்களைத் திரட்டச் செய்தார். அத்தொகுப்பைப் பற்றி அவர் எழுதிய விளக்கப் பட்டியல் இலண்டன் லின்னேயக் கழகத்தின் வெளியீட்டில் 1822-இல் இடம்பெற்றது. அதில் இப்பறவைக்கு 'லேனியஸ் மியூசிக்கஸ்' என்று பெயரிட்டார்.

'லேனியஸ்' என்பது கீச்சான் வகைப் பறவைகளின் குடும்பப் பெயர். அவ்வகையில் ராபிள்ஸும் குடும்பத்தைத் தவறவிட்டார் என்றே கூறவேண்டும். ஆயினும், அவர் சேர்த்த இரண்டாவது சொல் பொருத்தமானது. 'மியூசிக்கஸ்' என்றால் இசைக்குரியது என்பது பொருள். அவர் பாடம் செய்த தோலை மட்டும் கண்டவரல்லர். பறவை பாடும் நாட்டிலேயே வாழ்ந்தவர். மலாயாத் தீபகற்பம், சுமத்ரா ஆகிய இடங்களில் வாழும் கிளையினத்துக்கு 'மியூசிக்கஸ்' என்ற பெயரே இன்றுவரை வழங்கி வருகிறது.

1824-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் ராபிள்ஸ் தாயகம் திரும்பப் 'பேம்' என்னும் கப்பலில் ஏறினார். பென்கூலனை விட்டுப் புறப்பட்ட அன்றே அக்கப்பல் தீப்பற்றி எரிந்தது. உயிர்கள் தப்பின, ஆனால் பல்லாண்டுகள் திரட்டிய ஓவியங்களும் கையெழுத்துச் சுவடிகளும் உயிரினத் தொகுப்புகளும் தீக்கிரையாயின. இரண்டாண்டு முன்னரே அச்சேறியிருந்தமையால் முராயின் பெயர் பிழைத்தது. எழுதி வெளியிடப்படாத அறிவு எத்துணை எளிதில் அழிந்துபோகும் என்பதற்கு அந்தத் தீயும் ஒரு சான்று.

பின்னர் 1827-இல் ஜெர்மானிய அறிஞர் வாக்ளர் 'காப்சிகஸ்' என்னும் தனிப் பேரினத்தை ஏற்படுத்தினார். மைனாவினத்தில் வைக்கப்பட்டிருந்த பறவைக்கு அங்கே இடம் கிடைத்தது. 'காப்சிகஸ் சவுலாரிஸ்' என்பதே அதன் நிலைத்த அறிவியற் பெயர். அதற்குப் பின்னும் நெடுங்காலம் அதைப் பாடுங்குருவிகளான திரஷ் குடும்பத்தில் சேர்த்துவந்தனர். உயிரணுக்களின் மரபுக்கூறுகளை ஆராயும் முறை வளர்ந்த பின்னரே, அது ஈப்பிடிப்பான்களின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது உறுதியாயிற்று. ஐரோப்பிய ராபின் பறவையும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததாகவே இன்று கொள்ளப்படுகிறது. ஆங்கிலேயர் தம் ஊர் நினைவில் இட்ட 'மேக்பை ராபின்' என்னும் பெயரில், காக்கை இனத்தைச் சேர்ந்த மேக்பை என்ற முற்பகுதி தோற்றத்தால் வந்த ஒப்புமை மட்டுமே. ராபின் என்ற பிற்பகுதியில் உண்மை உறவும் ஓரளவு அடங்கியிருந்தது. இவ்வாறு மைனா, கீச்சான், திரஷ், ஈப்பிடிப்பான் என்று குடும்பம் குடும்பமாக மாறிவந்த இப்பறவை, தன் பாட்டை மட்டும் மாற்றிக்கொள்ளவே இல்லை!

கரிச்சான் எது?

மயக்கம் பிறநாட்டார்க்கு மட்டும் உரியதன்று. தமிழிலும் கருநிறப் பறவைகளின் பெயர்கள் ஒன்றோடொன்று கலந்தே வழங்கி வந்துள்ளன. கரிச்சான், கரிக்குருவி, வலியான் என்பன போன்ற பெயர்கள் எந்தப் பறவையைக் குறிக்கின்றன என்ற ஐயம் படிப்போர்க்கு எழுவதுண்டு. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் கரிக்குருவிக்கு இறைவன் உபதேசம் செய்த படலம் அனைவரும் அறிந்ததே. காக்கைகளால் துன்புறுத்தப்பட்ட ஒரு சிறு பறவை மதுரைக்கு வந்து வழிபட்டு, மந்திரமும் வலிமையும் பெற்று, 'வலியான்' என்னும் பெயருக்கு உரியதாயிற்று என்பது அக்கதை.

அது குண்டுக்கரிச்சானா, இரட்டைவால் குருவியா? இரட்டைவால் குருவியையும் கரிச்சான் என்றே மக்கள் வழங்குகின்றனர். உடல் முழுதும் கரியது. வால் இரண்டாகப் பிளந்தது. தன் கூட்டுக்கருகே வரும் காக்கையையும் பருந்தையும் அது அஞ்சாது துரத்தும். தன்னினும் பன்மடங்கு பெரிய பறவைகளை விரட்டும் அந்த இயல்பே வலியான் என்னும் பெயருக்குப் பொருந்துகிறது. குண்டுக்கரிச்சானுக்கோ வயிறு வெண்மை. அதன் புகழ் வலிமையால் வந்ததன்று, இசையால் வந்தது. பறவையின் நடத்தையை அறிந்தால் இலக்கியத்தில் வரும் பெயரும் தெளிவாகும் என்பதை இதனால் உணரலாம். புலவர்கள் பறவைகளைக் கூர்ந்து நோக்கியே பாடினர். படிப்பவரும் கூர்ந்து நோக்கினாலன்றி அவர்கள் கண்டது புலனாகாது.

அடையாளம் காணும் முறை

முராயை அடையாளம் காண நிறம், நிலை, இடம், குரல் என்னும் நான்கையும் ஒருசேர நோக்க வேண்டும். அதன் நீளம் ஏறத்தாழ 19 சென்டிமீட்டர். ஆண்பறவையின் தலை, மார்பு, முதுகு ஆகியவை நீலம் பளபளக்கும் கருமை. வயிறு தூய வெண்மை. இறகின்மீது நீண்ட வெள்ளைக் கோடு உண்டு. வாலின் ஓரங்களும் வெள்ளை. பெண்பறவையில் கருமைக்கு மாறாகச் சாம்பல் நிறம் அமைந்திருக்கும். இளங்குஞ்சுகளுக்குத் தலையிலும் மேற்பகுதியிலும் செதில் போன்ற பழுப்புக் குறிகள் காணப்படும்.

நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாற நேரும். வட போர்னியோவில் வாழும் கிளையினத்துக்கு வயிறும் கருமையாகவே இருக்கும். தீபகற்பத்திலிருந்து சபா மாநிலத்துக்குச் செல்பவர் அதை வேறு பறவையென்றே எண்ணக்கூடும். மலாயர் 'முராய் கீலா' என்று வேடிக்கையாக அழைக்கும் விசிறிவால் குருவியும் கருமையும் வெண்மையும் கலந்ததுதான். ஆனால், அதற்கு வெள்ளைப் புருவமும் வெண்மார்பின் குறுக்கே ஒரு கரும்பட்டையும் உண்டு; வாலை விசிறிபோல் விரித்து ஓயாது ஆடும். முராயோ வாலை விசிறுவதைக் காட்டிலும் மேலே நிமிர்த்துவதையே வழக்கமாகக் கொண்டது. தரையில் இறங்கித் தத்திச் சென்று பூச்சிகளைப் பிடிக்கும்போது இந்த நிலை தெளிவாகத் தெரியும்.

அடுத்து நோக்கத்தக்கது இடம். காட்டின் உட்புறத்தில், செம்பழுப்பு வயிறும் வெள்ளைப் பிட்டமும் மிக நீண்ட வாலும் கொண்டு பாடுவது முராய் பத்து. தமிழில் சோலைபாடி என்பர். விளிம்பிலும் வெளியிலும் பாடுவது முராய் கம்போங். இவ்விரண்டும் ஒரே பேரினத்து உறவினர். உலகில் முதன்முதலாக ஒலிப்பதிவு செய்யப்பெற்ற பறவைக் குரல் சோலைபாடியினுடையதே. 1889-இல் ஜெர்மனியில் லுட்விக் கோக் என்னும் சிறுவர் தம் வீட்டில் வளர்ந்த அப்பறவையின் பாட்டை மெழுகு உருளையில் பதிவு செய்தார்.

யாவற்றினும் சிறந்த அடையாளம் குரலே. இனப்பெருக்கக் காலத்தில் ஆண்பறவை விடியுமுன்பே மரத்தின் உச்சியிலோ கூரை முகட்டிலோ அமர்ந்து நெடுநேரம் பாடும். ஒரே அடியைத் திரும்பத் திரும்பச் சொல்லாது, ஏற்றமும் இறக்கமுமாகச் சீழ்க்கையொலிகளை மாற்றி மாற்றிக் கோக்கும். பிற பறவைகளின் குரலையும் எடுத்துத் தன் பாட்டில் சேர்த்துக்கொள்ளும். நூறு பாட்டு என்று மக்கள் பெயரிட்டது மிகையன்று.

போர்க்காலத்தில் பிறந்த நூல்

மலாயாவின் பறவைகளை மக்கள் எளிதில் அடையாளம் காண உதவும் நூல்கள் 20-ஆம் நூற்றாண்டில் தோன்றின. ராபின்சன், சேசன் ஆகிய அறிஞர்களின் 'மலாயாத் தீபகற்பத்தின் பறவைகள்' என்னும் பெருந்தொகுதியின் முதற்பகுதி 1927-இல் வெளிவந்தது. அது பெரிதும் காணப்படும் பறவைகளுக்கென்றே அமைந்தது. அதே ஆண்டில் சிங்கப்பூர்த் தீவின் பறவைகளைப் பற்றிய நூலொன்றும் வந்தது. அதன் ஆசிரியர் இருவருள் சேசனும் ஒருவர். ராபிள்ஸ் அருங்காட்சியகத்தின் இயக்குநராயிருந்த அவர், 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ச்சியுற்ற நாள்களில் கப்பலேறித் தப்பிச் செல்கையில் உயிரிழந்தார்.

அதே போர்க்காலத்தில், மலாயாக் காவல்துறை அதிகாரியான மேடக் என்பவர் ஜப்பானியரின் கைதியாகச் சாங்கியில் அடைபட்டிருந்தார். பசியும் நோயும் சூழ்ந்த அவ்விடத்தில், 1943-இல், அவர் மலாயாப் பறவைகளைப் பற்றி ஒரு நூலை எழுதித் தட்டச்சுச் செய்தார். போர் முடிந்த பின்னர் அது அச்சேறிப் பலர் கைகளிலும் தவழ்ந்தது. 1940-இல் நிறுவப்பெற்ற மலாயா இயற்கைக் கழகத்தின் முயற்சிகளும், 1951-இல் வந்த கிளெனிஸ்டரின் நூலும் பறவை நோக்கும் ஆர்வத்தைப் பெருக்கின. சிறைக்குள்ளிருந்தும் மனிதன் பறவைகளின் பெயர்களை வரிசைப்படுத்தி எழுதினான் என்பது எண்ணத்தக்கது. வெளியுலகம் மீண்டும் வாய்க்கும் என்ற நம்பிக்கையின்றி அப்பணி நிகழ்ந்திராது.

எங்கும் இருந்தது அரிதானது

இவ்வாறு நெடுங்காலம் முயன்று பெயர் அறியப்பெற்ற ஒரு பறவை, அறியப்பெற்ற பின்னரே அழியத் தொடங்கியது. 1920-களில் சிங்கப்பூரில் முராய் எங்கும் காணப்பட்ட பறவை. 1970-களிலோ அது அரிதாகிவிட்டது. காரணங்கள் பல. கம்பங்கள் மறைந்து கட்டடங்கள் எழுந்தன. முராய் மரப்பொந்துகளிலும் சுவர்த் துளைகளிலும் கூடு கட்டுவது. அதே பொந்துகளை நாடும் மைனாக்களின் பெருக்கம் அதற்கு இடையூறாயிற்று. ஜாவா மைனா 1920-களில் கூண்டுப்பறவை வணிகத்தின் வழியே சிங்கப்பூருக்கு வந்து பெருகிய இனம். இவற்றோடு, பாட்டுக்காக முராயைப் பிடித்துக் கூண்டிலடைப்பவர்களும் பெருகினர். எந்தக் குரல் அதற்குப் பெயர் தந்ததோ, அந்தக் குரலே அதற்குப் பகையாயிற்று.

எங்கும் இருக்கும் ஒன்றை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அரிய பறவை ஒன்று குறைந்தால் அறிஞர் கவலையுறுவர். ஊர்ப் பறவை குறைவதோ, குறைந்து முடிந்த பின்னரே தெரியவரும். முராய்க்கு நேர்ந்தது அதுவே. பின்னர்ச் சிங்கப்பூரில் விழிப்புணர்வு ஏற்பட்டது. 1965-ஆம் ஆண்டுச் சட்டம் காட்டுப் பறவைகளுக்குக் காப்பளித்தது; அச்சட்டம் 2020-இல் திருத்தப்பெற்று வனவுயிர்ச் சட்டமாயிற்று. 1980-களில் முராய்ப் பறவைகளைக் கொண்டுவந்து விடுவிக்கும் முயற்சிகளும் நடைபெற்றன. உபின் தீவு போன்ற இடங்களில் எஞ்சியிருந்த பறவைகளும் மெல்லப் பெருகின. இன்று சிங்கப்பூரின் பூங்காக்களில் அதன் குரலை மீண்டும் கேட்க முடிகிறது. மறைந்துகொண்டிருந்த ஒன்றை மீட்க இயலும் என்பதற்கு இது நல்ல சான்று.

மலேசியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்க் காப்புச் சட்டத்தின் இடத்தில் 2010-ஆம் ஆண்டில் மேலும் கடுமையான சட்டம் இயற்றப்பெற்றது. எனினும், கள்ள வணிகம் ஓயவில்லை. 2015 முதல் 2020 வரையிலான ஆறாண்டுகளில் மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளிலும் அதிகாரிகள் கைப்பற்றிய முராய் கம்போங் பறவைகள் மட்டும் 26,000-க்கும் மேல். பிடிபடாமற் போனவை எத்தனை என்று யாரே அறிவர்! இந்தோனேசியாவில் நடைபெறும் பாட்டுப் போட்டிகளுக்காகப் பறவைகள் கடல்கடந்து கடத்தப்படுகின்றன. உறவுப் பறவையான முராய் பத்து இந்த வணிகத்தால் பெரிதும் நலிந்தமையால், மலேசியாவும் சிங்கப்பூரும் முன்வைத்த வேண்டுகோளின்படி, 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய அனைத்துலக மாநாடு அதன் வணிகத்தைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. உலக அளவில் முராய் கம்போங் இன்னும் அழியும் நிலையிலுள்ள பறவையாக அறிவிக்கப்படவில்லை. ஆனால், சிங்கப்பூரின் அனுபவத்தை அறிந்தவர்கள் அந்த அறிவிப்பை எண்ணி வாளா இருக்க மாட்டார்கள்.

வங்காள தேசம் தன் தேசியப் பறவையாகத் 'தோயேல்' என்னும் இப்பறவையையே தேர்ந்தது. மயிலைப்போல் தோகையில்லை, கழுகைப்போல் வலிமையில்லை. வயலோரத்தில் மக்களோடு வாழ்ந்து பாடும் எளிமையே அதற்கு அப்பெருமையைத் தேடித் தந்தது. ஐரோப்பியர் கடிகாரமென்று மயங்கிய அதே சொல், ஒரு நாட்டின் பெருமைச் சின்னமாக இன்று விளங்குகிறது.

முராயின் வரலாறு உணர்த்துவது ஒன்று. பாடம் செய்த தோலைக் கண்டவர்கள் அதன் குடும்பத்தை மாற்றி மாற்றி எழுதினர். பாட்டைக் கேட்டவர்கள் நிலைத்த பெயரைத் தந்தனர். சென்னையில் 'சவுலாரி' என்றவர்களும், சுமத்ராவில் 'மியூசிக்கஸ்' என்ற ராபிள்ஸும், 'முராய்' என்ற மலாய்ச் சிற்றூர் மக்களும் பறவையோடு ஒரே ஊரில் வாழ்ந்தவர்கள். அடையாளம் காண்பதற்கு முதற்கருவி தொலைநோக்கியன்று; செவிகொடுக்கும் பொறுமையே.

பள்ளிகளில் பறவைகளின் பெயர்ப்பட்டியலை மனப்பாடம் செய்யும் மாணவன் தேர்வோடு அதை மறந்துவிடுவான். பள்ளி வேலியில் அமர்ந்து பாடும் ஒரே ஒரு பறவையை, அதன் நிறத்தாலும் வாலின் நிமிர்வாலும் குரலாலும் அறிந்துகொண்ட மாணவனோ வாழ்நாள் முழுதும் அதை மறவான். ஒருநாள் காலையில் அந்தக் குரல் எழாவிட்டால், ஏதோ குறைகிறது என்று முதலில் உணர்பவன் அவனாகவே இருப்பான். 1970-களின் சிங்கப்பூரில் முராய் மறைந்தபோது, அத்தகைய செவிகள் ஒவ்வொரு தெருவிலும் இருந்திருந்தால், அது அவ்வளவு ஓசையின்றி மறைந்திருக்க முடியாது. சட்டங்கள் பறவைகளைக் காக்கும் என்பது உண்மையே. அச்சட்டங்களைக் கேட்டுப் பெறுவதற்கும், மீறப்படும்போது தட்டிக் கேட்பதற்கும், அந்தப் பறவையைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த மக்கள் வேண்டும். அம்மக்களை உருவாக்கும் பணி, வைகறையில் ஒரு மரத்தடியில் சற்றே நின்று கேட்பதிலிருந்து தொடங்குகிறது.